வெப்பமண்டலக் கடற்பயணம்: எந்த முன்னறிவிப்பை நம்பிப் புறப்படுவது?

வெப்பமண்டலக் கடலில் ஐந்து முதல் பத்து நாள் பயணத்துக்குத் தயாராகும் சிறு கலத்தின் கேப்டனுக்கு இன்று வானிலைத் தகவலில் பஞ்சமே இல்லை. அரசு வானிலை மையங்கள் எழுதித் தரும் கடல் வானிலை அறிக்கை இருக்கிறது. கைப்பேசியில் வண்ணங்களாக விரியும் கணினி மாதிரிக் கணிப்புகள் இருக்கின்றன. சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் செயற்கைக்கோள் படங்களும், கட்டணம் பெற்றுப் பாதை வகுத்துத் தரும் ஆலோசகர்களும், பல பத்தாண்டுச் சராசரிகளைத் தொகுத்த பருவகால வரைபடங்களும் உண்டு. இவை அனைத்தும் ஒரே சேதியைச் சொல்லும் நாளில் யாருக்கும் குழப்பமில்லை. ஒன்றோடொன்று முரண்படும் நாளில், புறப்படுவதா காத்திருப்பதா என்ற முடிவை எதன் சொல்லைக் கேட்டு எடுப்பது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெப்பமண்டலத்தில் புறப்பாட்டை முடிவு செய்யும் கடைசிச் சொல், பொறுப்பில் இருக்கும் முன்னறிவிப்பாளர் எழுதிய அறிக்கைக்கே உரியது. கணினி மாதிரி, நேரத்தையும் பாதையையும் செதுக்கிக்கொள்ளப் பயன்படட்டும். செயற்கைக்கோள் படம், அடுத்த சில மணி நேரத்துக்கு உதவட்டும். நடுத்தர அட்சரேகைகளில் இந்த வரிசையை ஓரளவு மாற்றிக்கொண்டாலும் பெரிய ஆபத்தில்லை. வெப்பமண்டலத்தில் மாற்றக்கூடாது என்பதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம் இயற்பியலில் இருக்கிறது. பூமியின் சுழற்சியால் எழும் கொரியாலிஸ் விசை, நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் குறைந்து, நிலநடுக்கோட்டில் கிடைத்திசையில் இல்லாமலே போகிறது. உயர் அட்சரேகைகளில் சம அழுத்தக் கோடுகளின் நெருக்கத்தைப் பார்த்தே காற்றின் வேகத்தையும் திசையையும் ஏறக்குறையச் சொல்லிவிடலாம். நிலநடுக்கோட்டருகே அந்த உறவு தளர்ந்துவிடுவதால், அழுத்த வரைபடம் வெறுமையாகத் தெரியும் இடத்திலும் கப்பலைச் சாய்க்கும் காற்று வீசக்கூடும். அதனால்தான் வெப்பமண்டல ஆய்வாளர்கள் அழுத்தக் கோடுகளுக்குப் பதிலாகக் காற்றோட்டக் கோடுகளை வரைந்து பார்க்கிறார்கள்.

இரண்டாவது காரணம் அளவு. குளிர் மண்டலக் கடல்களில் மோசமான வானிலையைக் கொண்டுவரும் தாழ்வழுத்த அமைப்புகள் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் விரிந்தவை. அவற்றை மாதிரிகள் நன்றாகப் பிடித்துவிடுகின்றன. வெப்பமண்டலத்தில் அன்றாட ஆபத்து என்பது சில கிலோமீட்டர் அகலமுள்ள இடிமேகமும், அதன் அடியிலிருந்து கொட்டிப் பரவும் சூறைக்காற்றும். இரு அரைக்கோளங்களின் வியாபாரக் காற்றுகள் வந்து சேரும் குவி மண்டலத்தில் இத்தகைய மேகங்கள் நாள்தோறும் எழுந்து அடங்குகின்றன.

இந்தப் பின்னணியில் அதிகாரபூர்வ அறிக்கையை எடுத்துக்கொள்வோம். உலகக் கடற்பரப்பு முழுவதும் 21 வானிலைப் பொறுப்புப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் அறிக்கை தயாரித்து வெளியிட ஒரு நாட்டின் வானிலை மையம் பொறுப்பேற்றிருக்கிறது. வட இந்தியப் பெருங்கடலுக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையும், வட அட்லாண்டிக்கின் மேற்குப் பகுதிக்கும் வடகிழக்குப் பசிபிக்குக்கும் அமெரிக்காவும் பொறுப்பு. புயல்களைப் பொறுத்தவரை புது தில்லி, மயாமி, டோக்கியோ, லா ரியூனியன், ஃபிஜியின் நாண்டி ஆகிய இடங்களில் உள்ள மண்டலச் சிறப்பு மையங்கள் தத்தம் கடல்களுக்கு ஆலோசனை வழங்குகின்றன. மயாமியில் உள்ள மையம் வெளியிடும் ஆழ்கடல் அறிக்கை உலகப் பொது நேரப்படி 04:30, 10:30, 16:30, 22:30 என ஒரு நாளைக்கு நான்கு முறை வருகிறது.

அறிக்கையின் நடை வறட்சியானது. "இன்ன அட்சரேகைக்கு வடக்கே, இன்ன தீர்க்கரேகைக்கு மேற்கே, கிழக்கு முதல் வடகிழக்குக் காற்று 20 முதல் 25 நாட், அலை உயரம் 8 முதல் 11 அடி" என்ற பாணியில்தான் அது ஓடும் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்). முதலில் எச்சரிக்கைகள், பிறகு தற்போதைய நிலை, அதன் பின் 24 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலும் எதிர்பார்க்கப்படும் நிலை என வரிசைப்படும். எல்லையை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாகக் கொடுப்பதால் கடல் வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தால்தான் பொருள் விளங்கும். அந்தச் சிரமத்தைப் பட வேண்டும் என்பதே என் கருத்து. கோடு போட்டவருக்குத் தம் பாதை எச்சரிக்கைப் பகுதிக்குள் எத்தனை மணி நேரம் இருக்கும் என்பது உடனே தெரிந்துவிடும். திரையில் வண்ணத்தைப் பார்த்து நகர்ந்துவிடுபவருக்கு அது மனத்தில் பதிவதில்லை.

அறிக்கையின் உண்மையான மதிப்பு, அதில் ஒரு மனிதரின் தீர்ப்பு அடங்கியிருப்பதில் இருக்கிறது. முன்னறிவிப்பாளர் ஒரே மாதிரியைப் பார்த்து எழுதுவதில்லை. பல மாதிரிகளையும், கப்பல்களும் மிதவைகளும் அனுப்பும் நேரடி அளவீடுகளையும், கடல்மட்டக் காற்றை ரேடாரால் அளக்கும் ஸ்கேட்டரோமீட்டர் செயற்கைக்கோளின் தரவையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். மாதிரி 20 நாட் காட்டிய இடத்தில் அன்று காலை கடந்த செயற்கைக்கோள் 30 நாட் அளந்திருந்தால், அறிக்கையில் அந்தத் திருத்தம் இடம்பெறும். பயனர் பதிவிறக்கிய மாதிரிக் கோப்பில் இடம்பெறாது. மேலும் சந்தேகத்தையும் சொற்களால் சொல்ல முடியும். மயாமி மையம் அடுத்த ஏழு நாட்களில் புயல் உருவாகும் வாய்ப்பைச் சதவீதமாகவே வெளியிடுகிறது. தில்லி மையமும் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் தாழ்வு மண்டலம் உருவாகும் வாய்ப்பை நாள்தோறும் மதிப்பிட்டுச் சொல்கிறது. இன்னும் பிறக்காத அமைப்பைப் பற்றிய எச்சரிக்கையைத் தனியொரு மாதிரியின் காற்றுப் படம் தராது.

குறைகளும் இருக்கின்றன, அவற்றை மறைப்பது நேர்மையாகாது. அறிக்கை பெரும்பரப்புகளைப் பற்றிப் பேசுகிறது. ஒரு தீவின் மறைவில் காற்று எப்படி இருக்கும், ஒரு முனையைச் சுற்றும்போது அலை எப்படி நெருக்கும் என்பதெல்லாம் அதில் கிடைக்காது. இரண்டு நாளுக்கு மேற்பட்ட காலத்தைப் பெரும்பாலான ஆழ்கடல் அறிக்கைகள் தொடுவதில்லை. கடல் மாறும்போது அளவுகோலும் மாறுகிறது என்பது பலருக்குத் தெரியாத இன்னொரு சிக்கல். புயலின் காற்று வேகத்தை அமெரிக்க மையங்கள் ஒரு நிமிடச் சராசரியாகவும், இந்திய மையம் மூன்று நிமிடச் சராசரியாகவும், வேறு பல மையங்கள் பத்து நிமிடச் சராசரியாகவும் சொல்கின்றன. திறந்த கடலில் ஒரு நிமிடச் சராசரியாக 65 நாட் என்று சொல்லப்படும் அதே காற்று, பத்து நிமிடச் சராசரியில் சுமார் 60 நாட் என்று வரும். இரண்டு மையங்களின் எண்களை ஒப்பிட்டு "புயல் வலுவிழந்துவிட்டது" என்று முடிவு செய்வதற்கு முன் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

அறிக்கை எழுதப்பட்டால் மட்டும் போதாது, படகை எட்டவும் வேண்டும். 2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்கு அருகே தாழ்வு மண்டலமாக இருந்த அமைப்பு, மறுநாளே குமரிக் கடலில் ஒக்கிப் புயலாக மாறியது. பல நாள் மீன்பிடிப்புக்காக ஏற்கெனவே வெகுதூரம் சென்றுவிட்ட படகுகளை எச்சரிக்கை எட்டவில்லை. விஎச்எஃப் வானொலியின் வீச்சு கரையிலிருந்து சில பத்துக் கடல் மைல்களோடு முடிந்துவிடுகிறது. 518 கிலோஹெர்ட்ஸில் எழுத்துச் செய்தியாக ஒலிபரப்பாகும் நேவ்டெக்ஸ் 200 முதல் 400 கடல் மைல் வரை எட்டும். அதற்கப்பால் இன்மார்சாட் செயற்கைக்கோள் வழியாக வரும் சேஃப்டிநெட் சேவையோ, இரிடியம் செயற்கைக்கோள் வழியாக வரும் சேஃப்டிகாஸ்ட் சேவையோ வேண்டும். ஆகவே முன்னறிவிப்பைத் தேர்ந்தெடுப்பது என்பது, அதைப் பெறும் கருவியைத் தேர்ந்தெடுப்பதும் ஆகும். 300 கடல் மைலுக்கு அப்பால் செல்லும் எவரும் கைப்பேசிச் செயலியை மட்டும் நம்பிப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி கணினி மாதிரிகள். அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரி ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடி, 16 நாள் வரையிலான கணிப்பை இலவசமாகத் தருகிறது. அதன் கட்டங்களின் அகலம் சுமார் 13 கிலோமீட்டர். ஐரோப்பிய நடுத்தரக் கால முன்னறிவிப்பு மையத்தின் மாதிரி சுமார் 9 கிலோமீட்டர் கட்டத்தில் இயங்குகிறது. செயலிகளும், மாதிரியின் எண்களைச் சுருக்கி அடக்கிய கிரிப் கோப்புகளும் பயனருக்குத் தருவது பெரும்பாலும் இவற்றின் வெளியீட்டையே. தரவைச் சிக்கனமாக்கச் செயற்கைக்கோள் தொலைபேசி வழியாக ஒரு பாகை இடைவெளியில் பதிவிறக்கினால், ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே 60 கடல் மைல் இருக்கும். அந்த இடைவெளிக்குள் ஒரு முழு இடிமேக வரிசையே எழுந்து அடங்கலாம். கோப்பில் அதன் சுவடுகூடத் தெரியாது. கோப்பு 12 நாட் காட்டும் இரவில் குவி மண்டலத்தின் ஒரு சூறை 40 நாட் வரை வீசுவது வழக்கத்துக்கு மாறானதே அல்ல. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாய்மரக் கலத்தின் பாயின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள், கோப்பில் காணும் எண்ணுக்கேற்ப முழுப் பாயையும் விரித்துக்கொண்டு அந்தப் பகுதியில் இரவைக் கழிக்க மாட்டார்கள்.

ஆனாலும் மாதிரிகளை ஒதுக்கிவிட முடியாது. அவை சிறந்து விளங்கும் இடங்கள் வெப்பமண்டலத்திலும் உண்டு, அவற்றில் முதன்மையானது அலை. அறிக்கை அலை உயரத்தை ஒரே எண்ணாகச் சொல்லிவிடும். அலை மாதிரி உயரம், காலம் (ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான நேரம்), திசை மூன்றையும் தருவதோடு, உள்ளூர்க் காற்று எழுப்பிய அலையையும் தொலைவிலிருந்து வரும் நீள் அலையையும் பிரித்தும் காட்டும். இரண்டு அலைகளும் 2 மீட்டர் உயரம்தான் என்று வைத்துக்கொள்வோம். முதல் அலையின் காலம் 12 வினாடி என்றால் ஆழ்கடலில் அதன் நீளம் ஏறக்குறைய 225 மீட்டர்; கலம் அதன் மேல் மெதுவாக ஏறி இறங்கும், உள்ளே சமைப்பவருக்குக்கூடத் தொல்லையிருக்காது. இரண்டாவது அலையின் காலம் 5 வினாடி என்றால் நீளம் 39 மீட்டர்தான். அதே 2 மீட்டர் உயரம் செங்குத்தாக எழுந்து நுரை தள்ளி முகப்பில் அறையும், சிறு கலம் அதை எதிர்த்துப் போகவே திணறும். உயரத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவருக்கு இந்த வேறுபாடு துறைமுகத்தை விட்டு வெளியேறிய பிறகுதான் தெரியவரும். அலை உயரம் என்று முன்னறிவிப்பில் வரும் எண், அலைகளில் உயர்ந்த மூன்றில் ஒரு பங்கின் சராசரி என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். 3 மீட்டர் என்று சொல்லப்படும் கடலில் சில மணி நேரம் இருந்தால் 6 மீட்டரை நெருங்கும் தனி அலை ஒன்று வரக்கூடும்.

நீள் அலை எத்தனை தொலைவிலிருந்து வரும் என்பதற்கு இந்தியாவின் தென்முனைக் கரைகளைத் தாக்கும் கள்ளக்கடல் நல்ல சான்று. தென் இந்தியப் பெருங்கடலின் உயர் அட்சரேகைகளில் வீசும் கடுங்காற்று எழுப்பும் அலைகள், நிலநடுக்கோட்டைத் தாண்டிச் சில நாட்களில் இங்கே வந்து சேர்கின்றன. கரையில் காற்றே இல்லாத நாளிலும் கடல் ஊருக்குள் ஏறுகிறது. இதை முன்கூட்டியே காட்டுவது அலை மாதிரிதான். ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் அதை அடிப்படையாகக் கொண்டே எச்சரிக்கிறது. மலை இடைவெளிகளின் வழியே பாயும் காற்றையும் இன்றைய மாதிரிகள் நன்றாகவே காட்டுகின்றன. மெக்சிகோவின் தெவான்டெபெக் வளைகுடா அதற்குப் பேர்போன இடம். குளிர்காலத்தில் மெக்சிகோ வளைகுடாவின் மேல் உயர் அழுத்தம் அமரும்போது, குளிர்ந்த காற்று நிலத்தின் குறுகிய இடைவெளியில் நெருக்கிப் பாய்ந்து பசிபிக் கடலில் பெருங்காற்றாக வெளிப்படுகிறது. வானம் தெளிவாக இருக்கும்போதே அது தொடங்கிவிடும் என்பதால் கண்ணால் பார்த்துத் தப்பிக்க வழியில்லை. இரண்டு மூன்று நாள் முன்பே மாதிரி காட்டிவிடும் இத்தகைய நிகழ்வில், அமைதியான இடைவெளியைத் தேர்ந்தெடுத்துக் கடக்க மாதிரிக் கோப்பு அறிக்கையைவிட நுட்பமான துணை.

ஒற்றைக் கணிப்பைவிடக் குழுமக் கணிப்பு மேலானது என்பது என் உறுதியான கருத்து. தொடக்க நிலையைச் சிறிது சிறிது மாற்றி, ஐரோப்பிய மையம் 51 கணிப்புகளையும் அமெரிக்க மையம் 31 கணிப்புகளையும் ஓட்டுகின்றன. அவை ஒன்றையொன்று ஒட்டி வந்தால் நம்பிக்கை கூடும். விசிறிபோலப் பிரிந்தால், அந்தப் பிரிவே ஒரு செய்தி. ஆனால் ஐந்தாறு மாதிரிகளை ஒரே திரையில் அடுக்கிக் காட்டும் செயலியைப் பார்த்து, நான்கு ஒத்துப்போகின்றன, எனவே பாதுகாப்பு என்று எண்ணுவது சரியல்ல. அவையனைத்தும் ஏறக்குறைய ஒரே அவதானிப்புகளிலிருந்து தொடங்குபவை. வெற்றுக் கடலில் அளவீடே இல்லாத இடத்தில் எல்லாமே ஒன்றுபோலத் தவறலாம்.

அப்படித் தவறியதற்கு 2023 அக்டோபரில் மெக்சிகோவின் அகாபுல்கோவைத் தாக்கிய ஓட்டிஸ் சூறாவளி சாட்சி. 24 மணி நேரத்தில் 30 நாட் வலுப்பெற்றாலே அதைத் துரித வலுப்பெறல் என்பார்கள். ஓட்டிஸ் ஏறக்குறைய ஒரே நாளில் வெப்பமண்டலப் புயல் நிலையிலிருந்து உச்ச நிலையான ஐந்தாம் வகைச் சூறாவளியாக மாறிக் கரையேறியது. மாதிரிகள் அதைக் காட்டவில்லை. அதிகாரபூர்வ முன்னறிவிப்பும் முதலில் அதைச் சொல்லவில்லை. நான் முன்னிறுத்தும் அறிக்கைக்கும் இந்தத் தோல்வியில் பங்கு உண்டு. வேறுபாடு எங்கே என்றால், நிலைமை மாறியது தெரிந்தவுடன் அறிக்கை சில மணி நேரத்தில் திருத்தப்பட்டது. பதிவிறக்கிய கோப்பு அடுத்த ஓட்டம் வரும்வரை பழையதைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

தகவலின் வயது என்ற இந்தக் கேள்வி, என் பார்வையில், எல்லா ஒப்பீட்டிலும் முக்கியமானது. 2015 செப்டம்பர் 29 அன்று புளோரிடாவிலிருந்து போர்ட்டோ ரிக்கோவுக்குப் புறப்பட்ட எல் ஃபாரோ என்ற சரக்குக் கப்பல், அக்டோபர் 1 அன்று பஹாமாஸ் அருகே ஹோக்கின் சூறாவளியில் மூழ்கியது. கப்பலில் இருந்த 33 பேரும் இறந்தனர். கப்பலில் இரண்டு வழிகளில் வானிலைத் தகவல் வந்துகொண்டிருந்தது. ஒன்று, செயற்கைக்கோள் வழியே அச்சாகி வந்த அதிகாரபூர்வ எழுத்தறிக்கை. மற்றொன்று, வரைபடமாகக் காட்டும் கட்டண மென்பொருள். கேப்டன் அந்தப் படத்தை நம்பினார். அதில் காட்டப்பட்ட சூறாவளியின் நிலையும் பாதையும் எழுத்தறிக்கையைவிடப் பல மணி நேரம் பழையவை என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை கண்டறிந்தது. அந்தச் சூறாவளியின் பாதையை முன்னறிவிப்பதே அப்போது கடினமாக இருந்தது என்பதும் உண்மை. இருந்தாலும், புதிய எழுத்து கையில் இருக்கும்போது பழைய படத்தின் அழகு அதை முந்திக்கொண்டது என்பது இன்றைக்கும் ஒவ்வொரு சிறு கலத்தின் மேசையிலும் நடக்கக்கூடியது.

எனவே எந்த மூலத்தைப் பார்த்தாலும் மூன்று நேரங்களைத் தனித்தனியாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது: எந்த நேரத்து அவதானிப்பிலிருந்து தொடங்கியது, எப்போது வெளியிடப்பட்டது, எந்த நேரத்துக்குப் பொருந்துகிறது. மாதிரி ஓடி முடிந்து பயனரை வந்தடையச் சில மணி நேரம் ஆகும். காலையில் பதிவிறக்கிய கோப்பை மாலையில் திறந்து "இப்போதைய நிலை" என்று படிப்பவர், உண்மையில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு முந்தைய கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். செயலிகள் பலவற்றில் தொடக்க நேரம் மூலையில் மிகச் சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாத செயலியைப் பயணத்துக்குப் பயன்படுத்தவே வேண்டாம்.

செயற்கைக்கோள் படம் வயது குறைந்த தகவல். அதன் சிறப்பும் எல்லையும் அதுவே. ஜப்பானின் இமாவாரி போன்ற, பூமியின் ஒரே இடத்துக்கு மேல் நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் தருகின்றன. அவற்றில் இடிமேகத் திரளின் வளர்ச்சியும் நகர்வும் தெளிவாகத் தெரியும். ஆனால் மேக உச்சியின் குளிர்ச்சியைத்தான் அவை காட்டுகின்றன, அடியில் வீசும் காற்றை அல்ல. காற்றை அளக்கும் ஸ்கேட்டரோமீட்டர் தாழ்ந்த சுற்றுப்பாதையில் செல்வதால் ஒரே இடத்தை ஒரு நாளில் ஓரிரு முறைதான் கடக்கும். ஐரோப்பிய மெட்ஆப் செயற்கைக்கோள்களின் பட்டைகளுக்கு நடுவே அகன்ற இடைவெளியும் விழுகிறது. தேடும் புயல் சரியாக அந்த இடைவெளியில் சிக்கிக்கொள்ளும் நாட்களும் உண்டு. பயணம் தொடங்கிய பின், குவி மண்டலத்தை எந்தத் தீர்க்கரேகையில் கடந்தால் மேகம் மெலிந்திருக்கும் என்று பார்க்க இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. நாளை மறுநாளைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

கட்டண ஆலோசகரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல ஆலோசகர் மேற்சொன்ன எல்லாவற்றையும் கரையில் நிதானமாக அமர்ந்து படித்து, கலத்தின் வேகத்துக்கும் தாங்கும் திறனுக்கும் ஏற்பச் சுருக்கித் தருகிறார். ஆள் குறைந்த கலத்துக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் அவருடைய சொல்லுக்கும் அதிகாரபூர்வ எச்சரிக்கைக்கும் முரண்பாடு வந்தால் பொறுப்பு கேப்டனையே சேரும். அதனால் ஆலோசகரை அமர்த்தியவரும் எழுத்தறிக்கையைப் படிப்பதை நிறுத்தக்கூடாது.

பருவகால வரைபடங்கள் வேறொரு முடிவுக்கு உரியவை. எந்த நாள் என்பதை அவை சொல்லாது. எந்த மாதம் என்பதைச் சொல்லும். பத்து நாளுக்கு அப்பால் ஒரு மாதிரி காட்டும் குறிப்பிட்ட காற்றைவிட, அந்த மாதத்தின் நீண்டகாலச் சராசரியை நம்புவதே மேல். அட்லாண்டிக்கில் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. கிழக்குப் பசிபிக்கில் மே 15-லேயே தொடங்கிவிடுகிறது. வட இந்தியப் பெருங்கடலில் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு உச்சங்கள் உண்டு. மேற்கு வட பசிபிக்கில் எந்த மாதமும் முற்றிலும் பாதுகாப்பானதல்ல. சராசரிக்கு வெளியே நிகழ்வதும் உண்டு: 2001 டிசம்பரில் வாமெய் புயல் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்றரைப் பாகையில் உருவானது, 2004 மார்ச்சில் தெற்கு அட்லாண்டிக்கில் கத்தரீனா சூறாவளி பிரேசிலைத் தாக்கியது. பருவத்துக்கு வெளியே பயணம் செய்பவரும் அறிக்கையைக் கேட்க வேண்டியதற்கு இவையே காரணம்.

இவற்றை எடை போடும்போது கடலுக்குக் கடல் நிறுவை மாறுகிறது. கொலம்பியக் கரையோரக் கரீபியனில் வியாபாரக் காற்று இரவிலும் அதிகாலையிலும் வலுத்துப் பகலில் தணிகிறது. அங்கே அறிக்கை "இரவில் கடுங்காற்று" என்று சொல்லும். எந்த இரவு, எத்தனை மணிக்கு என்பதை மாதிரி நன்றாகவே வகுத்துக்காட்டும். இரண்டையும் சேர்த்தே பாதை போட வேண்டும். நிலநடுக்கோட்டைக் கடக்கும் பயணத்தில் காற்று மெலிந்து புயலாபத்து அரிதாவதால் செயற்கைக்கோள் படத்துக்கு மதிப்பு கூடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் அறிக்கையின் எடை மற்ற எல்லாவற்றையும் மிஞ்சுகிறது. தாழ்வுப் பகுதி ஒன்று புயலாக மாற அந்தக் கடலில் ஓரிரு நாளே போதும், ஒதுங்குவதற்கான இடமும் குறைவு.

புயல் ஏற்கெனவே உருவாகிவிட்டால் அறிக்கையிலிருந்தே ஒரு கணக்கைப் போடலாம். மாலுமிகள் நெடுங்காலமாகப் பின்பற்றும் விதி இது: 34 நாட் காற்று வீசும் என்று அறிவிக்கப்பட்ட ஆரத்தோடு, 24 மணி நேர நிலைக்கு 100 கடல் மைல், 48 மணிக்கு 200, 72 மணிக்கு 300 என்று கூட்டி, அந்த வட்டங்களுக்குள் கலம் நுழையாதபடி விலகுவது. இன்று பாதைக் கணிப்பின் சராசரிப் பிழை இந்த எண்களைவிட வெகுவாகக் குறைந்துவிட்டது. அதனால் வட்டத்தைச் சுருக்கலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். மெதுவாகச் செல்லும் சிறு கலத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். 6 நாட் வேகத்தில் ஒரு நாள் முழுக்க ஓடினாலும் 144 கடல் மைல்தான் விலக முடியும். மயாமி மையம் வெளியிடும் பாதைக் கூம்பையும் இதற்கு மாற்றாகக் கொள்ளக்கூடாது. கூம்பு புயலின் மையம் எங்கே இருக்கலாம் என்பதை மட்டும் காட்டுகிறது. அதுவும் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்போடுதான். காற்றின் பரப்பைப் பற்றி அது பேசுவதேயில்லை.

தொடர்பே அறுந்துவிட்டால் மிஞ்சும் கருவி, காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டர். வெப்பமண்டலத்தில் அழுத்தம் நாளுக்கு இருமுறை கடிகாரம்போல ஏறி இறங்கும். காலை 10 மணியையும் இரவு 10 மணியையும் ஒட்டி உச்சம், 4 மணிகளை ஒட்டித் தாழ்வு. அந்த அன்றாட அசைவைக் கழித்த பிறகு, அந்த இடத்தின் அந்த மாதச் சராசரியைவிட 3 ஹெக்டோபாஸ்கல் குறைந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். 5 குறைந்திருந்தால் அருகே புயல் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். இதற்கு ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை குறித்து வைத்த பதிவேடு வேண்டும், அதைப் புறப்படும் நாளுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

அறிக்கையும் மாதிரியும் முரண்படும் அந்த நாளுக்கு வருகிறேன். அறிக்கை கடுமையாகவும் மாதிரி சாந்தமாகவும் இருந்தால் காத்திருக்க வேண்டும். ஆறு மணி நேர இடைவெளியில் வரும் அடுத்த இரண்டு அறிக்கைகளைப் படித்த பின்பே மறுபரிசீலனை. அறிக்கை சாந்தமாகவும் மாதிரி கடுமையாகவும் இருந்தால், அந்தக் கடுமை முதல் 48 மணி நேரத்துக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே வருகிறதென்றால் அப்போதும் காத்திருப்பதே சரி, ஏனெனில் முன்னறிவிப்பாளர் அடுத்த அறிக்கையில் அதை ஏற்றுக்கொள்ளக்கூடும். மூன்றாம் நாளுக்கு அப்பால்தான் என்றால், குழுமக் கணிப்பு எத்தனை விரிந்திருக்கிறது என்று பார்த்து, பாதி வழியில் ஒதுங்கத் துறைமுகம் இருக்கிறதா என்று வரைபடத்தில் தேடி, இருந்தால் புறப்படலாம். இல்லையென்றால் மாதிரியின் அடுத்த நான்கு ஓட்டங்கள் அதே திசையில் நிற்கின்றனவா என்று ஒரு நாள் பொறுத்துப் பார்த்த பிறகே நங்கூரத்தைத் தூக்க வேண்டும்.